நுங்கு வண்டியிலிருந்து செல்போன் வரை: அவனியாபுரத்துப் பிள்ளைகள் விளையாடிய கதை

"இப்பப் பிள்ளைங்க எங்கே விளையாடுது? எந்நேரமும் செல்போன்தான்!"

இந்தப் புலம்பல் கேட்காத தெரு தமிழ்நாட்டில் இருக்காது. டீக்கடை, கல்யாண வீடு, பள்ளிக்கூட ஆண்டு விழா மேடை என்று எல்லா இடத்திலும் இதே பேச்சுதான். கூடவே "அந்தக் காலத்துல நாங்கெல்லாம்..." என்று ஒரு நீண்ட பட்டியலும் வரும். பம்பரம், கோலி, கிட்டிப்புள், பல்லாங்குழி, பாண்டி, தட்டாங்கல், சடுகுடு...

பட்டியலில் தப்பில்லை. ஆனால் இத்தனை விளையாட்டும் எப்படிப் போயின? செல்போன் வந்து விரட்டியதா, இல்லை அதற்கு முன்பே வேறு ஏதாவது நடந்ததா? மதுரைக்குத் தெற்கே விமான நிலையம் போகும் வழியில் இருக்கும் அவனியாபுரத்தையும் அதன் சுற்றுவட்டாரத்தையும் வைத்துக்கொண்டு இந்தக் கேள்வியைக் கேட்டுப் பார்த்தால், விடை வேறு மாதிரி வருகிறது. அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். கொஞ்சம் என்றால், 2,500 ஆண்டுகள்!

உடைந்த பானையில் ஒரு விளையாட்டு

அவனியாபுரத்துக்குக் கிழக்கே சைக்கிளில் போய் வரக்கூடிய தூரத்தில் இருக்கிறது கீழடி. இந்தியத் தொல்லியல் துறை 2014-15இல் அங்கே தோண்டத் தொடங்கியது. பிறகு தமிழகத் தொல்லியல் துறை அந்தப் பணியை எடுத்துக்கொண்டது. அதன் நான்காம் கட்ட அகழாய்வு அறிக்கை 2019இல் வெளிவந்தபோது, அங்கு வாழ்ந்தவர்களின் காலம் கி.மு. 6ஆம் நூற்றாண்டு வரை போகிறது என்ற செய்தி பரபரப்பாகப் பேசப்பட்டது. தமிழி எழுத்து பொறித்த பானை ஓடுகளும் தங்க நகைத் துண்டுகளும் பத்திரிகைகளில் படமாக வந்தன.

அந்தப் பரபரப்பில் பலர் கவனிக்காமல் விட்ட பொருட்களும் உண்டு. பகடைக் காய்கள், சுடுமண் ஆட்டக்காய்கள், கூடவே சுமார் 600 வட்டச் சில்லுகள். சில்லு என்றால் வேறொன்றுமில்லை, உடைந்த பானையின் ஓட்டை எடுத்து ஓரத்தைத் தேய்த்து வட்டமாக்கியது. இன்றும் ஒரு பெண்பிள்ளை பாண்டி ஆட வேண்டுமென்றால் என்ன செய்கிறாள்? கீழே கிடக்கும் ஓட்டுத் துண்டையோ டைல்ஸ் துண்டையோ எடுத்துத் தரையில் தேய்க்கிறாள். இடையில் எத்தனையோ அரசர்கள் வந்து போய்விட்டார்கள். சில்லு செய்யும் முறை மட்டும் மாறவே இல்லை.

பொம்மை செய்து கொடுப்பவர்களும் அன்றே இருந்தார்கள். தச்சன் செய்த சிறு தேரைக் கையால் இழுத்து மகிழும் பிள்ளைகளைக் குறுந்தொகையில் தும்பிசேர்கீரனார் காட்டுகிறார். ஏறி ஓட்ட முடியாத தேர்தான், ஆனாலும் இழுப்பதிலேயே சந்தோஷம்! பெரும்பாணாற்றுப்படையில் அப்படி ஒரு தேரை உருட்டிக் களைத்த பிள்ளைகள் வருகிறார்கள். பட்டினப்பாலையில் மூன்று சக்கரச் சிறு தேர் வருகிறது. மூன்று சக்கர நடைவண்டி பழகும் இன்றைய குழந்தைக்கு இவர்கள் எல்லாரும் தூரத்துச் சொந்தம்.

பிறகு வந்த பிள்ளைத்தமிழ் நூல்கள் விளையாட்டையே பருவங்களாகப் பிரித்து வைத்தன. ஆண் பிள்ளைக்குச் சிற்றில் சிதைத்தல், சிறுபறை முழக்குதல், சிறுதேர் உருட்டுதல். பெண் பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல். 17ஆம் நூற்றாண்டில் குமரகுருபரர் மதுரை மீனாட்சியம்மைக்குப் பிள்ளைத்தமிழ் பாடியபோது, மதுரையின் அரசியான அம்மனையே அம்மானைக் காய் வீசவும் ஊஞ்சல் ஆடவும் வைத்தார். இங்கே ஒரு விஷயம் கண்ணில் படுகிறது. எந்த விளையாட்டு ஆணுக்கு, எது பெண்ணுக்கு என்ற பாகுபாடும் பழையதுதான். அதைப் பிறகு பார்க்கலாம்.

முதலீடு சுழியம்

பொருளாதாரப் பாடத்தில் உற்பத்திக் காரணிகள் நான்கு என்று படித்திருப்பீர்கள். நிலம், உழைப்பு, மூலதனம், தொழில்முனைவு. இந்தக் கணக்கை விளையாட்டுக்கும் போட்டுப் பார்க்கலாம்.

முதலில் நுங்கு வண்டி. கோடையில் நுங்கு தின்று முடித்ததும் மிஞ்சும் இரண்டு கூடுகள்தான் சக்கரம். நடுவில் ஒரு குச்சியைச் செருகினால் அச்சு. ஒரு நீளமான கவட்டைக் குச்சியை அந்த அச்சில் வைத்துத் தள்ளினால் வண்டி ஓடும். செலவு? ஒன்றுமில்லை. கூடு காய்ந்து சுருங்கும் வரை ஓட்டலாம், அடுத்த நுங்குக்கு அடுத்த வண்டி.

அடுத்து புளியங்கொட்டை. அடுக்களையில் புளியைச் சுத்தம் செய்யும்போது தள்ளிவிடும் கழிவு இது. இதே கொட்டை பல்லாங்குழிக்குக் காய். கைக்குள் மூடிவைத்தால் ஒத்தையா ரெட்டையா. ஒரு பக்கத்தை மட்டும் வெள்ளையாகத் தேய்த்தால் தாயக்கட்டைக்குப் பதில் தாயம் போடலாம். தரையில் பரபரவென்று தேய்த்துப் பக்கத்தில் இருப்பவன் தொடையில் வைத்தால் 'சூடு'! ஒரே கழிவுப் பொருளில் எத்தனை பயன்!

தீர்ந்துபோன சைக்கிள் டயரும் ஒரு குச்சியும் சேர்ந்தால் டயர் வண்டி. இரண்டு காலித் தீப்பெட்டியும் நூலும் இருந்தால் டெலிபோன். மதுரை சினிமா ஊர் என்பதால் இன்னொன்றும் உண்டு. தியேட்டரில் வெட்டிப் போட்ட பிலிம் துண்டுகளைச் சேர்த்து, பியூஸ் போன பல்பில் தண்ணீர் நிரப்பி அதை லென்ஸாக வைத்து, கண்ணாடியால் வெயிலைத் திருப்பி இருட்டறைச் சுவரில் படம் காட்டுவார்கள். ஒளியியல் பாடம் பள்ளியில் வருவதற்குப் பல வருடம் முன்பே, படம் ஏன் தலைகீழாக விழுகிறது என்பது அந்தப் பசங்களுக்குத் தெரிந்திருந்தது.

காசு கொடுத்து வாங்கியவை சிலதான். கடைசல்காரர் கடைந்த பம்பரம், கண்ணாடிக் கோலி, ஒரு ரப்பர் பந்து. வாங்கிய பின்னும் வேலை இருந்தது. பம்பரத்துக்கு ஆணியைச் சரியாக இறக்க வேண்டும், சாட்டையின் நுனியில் முடிச்சுப் போட வேண்டும். ஆட்டத்தில் தோற்றவன் பம்பரம் வட்டத்துக்குள் உட்கார்ந்து 'ஆக்கர்' வாங்கும். எத்தனை ஆக்கர் என்று எந்தப் புத்தகத்திலும் எழுதி வைக்கவில்லை. வாக்குவாதம் செய்துதான் முடிவாகும். அந்த வாக்குவாதமும் விளையாட்டில் ஒரு பகுதி.

விளையாட்டுக்கு சீசனும் இருந்தது. வெயிலில் நுங்கு வண்டி, ஆடிக் காற்றில் பட்டம், அறுவடை முடிந்த வயலில் கிட்டிப்புள்ளும் சடுகுடுவும், மார்கழியில் பரமபதம், நிலா வெளிச்சத்தில் கண்ணாமூச்சி. யாரும் நோட்டீஸ் ஒட்டவில்லை. ஒரு நாள் காலையில் தெருவில் எல்லார் கையிலும் பம்பரம் இருக்கும், சில வாரம் கழித்து ஒருவர் கையிலும் இருக்காது. தேவநேயப் பாவாணர் இவற்றை வகை பிரித்து 'தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்' என்று தனி நூலே எழுதினார். பகலில் ஆடுவது, இரவில் ஆடுவது, ஆண்பால், பெண்பால், இருபால் என்று அவர் பிரித்திருப்பதைப் பார்த்தால், இது எவ்வளவு ஒழுங்கான உலகம் என்பது விளங்கும்.

இப்போது கணக்கை முடிக்கலாம். மூலதனம் சுழியம். உழைப்பு பிள்ளைகளின் கை. தொழில்முனைவு அவர்களே பேசி வைத்துக்கொண்ட விதிகள். மிச்சம் இருப்பது நிலம். ஊர் மந்தை, களத்துமேடு, வற்றிய கண்மாயின் உள்வாய், கோயில் வாசல், தெரு. இவை பிள்ளைகளுக்குச் சொந்தமில்லை. ஆனால் யாரும் துரத்தவில்லை. இந்த நான்காவது வரியை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள்.

அது பொற்காலம்தானா?

'அந்தக் காலம்' பற்றிப் பேசுபவர்கள் சில பக்கங்களைப் புரட்டாமல் விட்டுவிடுவார்கள்.

அந்த மந்தையில் எல்லாப் பிள்ளைகளும் ஆடினார்களா? இல்லை. பெண்பிள்ளை வயதுக்கு வந்த மறுநாளே அவளுடைய பாண்டிக் கட்டம் அழிந்தது. அதன் பிறகு திண்ணைக்கு உள்ளே தாயமும் பல்லாங்குழியும்தான். எந்தத் தெருப் பிள்ளை எந்தத் தெருப் பிள்ளையோடு விளையாடலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது. மேல் தெருக் களத்தில் கீழ்த் தெருப் பிள்ளை பந்தைத் தொட முடியாத ஊர்கள் இருந்தன. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு விளையாடும் வயதில் மாடு மேய்க்கும் வேலையும் தம்பியைத் தூக்கிச் சுமக்கும் வேலையும் காத்திருந்தன.

தீப்பெட்டிப் படம் சேர்ப்பது பல தலைமுறைகளின் பொழுதுபோக்கு. புலி, மயில், தாமரை என்று ரகரகமாகச் சேர்த்து, இரட்டையாக இருப்பதை மாற்றிக்கொள்வார்கள். மதுரையிலிருந்து தெற்கே இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் சிவகாசி வட்டாரத்தில்தான் அந்தப் பெட்டிகள் தயாராயின. அங்கே தீப்பெட்டி, பட்டாசு வேலைகளில் குழந்தைகள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986இல் வந்தது. சிவகாசிக் குழந்தைகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்புச் சொன்னது. ஒரு பிள்ளை ஆசையாகச் சேர்த்த படத்தை இன்னொரு பிள்ளை பசை தடவி ஒட்டியிருக்கலாம். இருவருக்கும் வயது ஒன்றுதான்.

1950களில் காமராசர் ஆட்சியில் தொடங்கிய மதிய உணவும் பள்ளிக்கூடங்களும், பிறகு வந்த கட்டாயக் கல்விச் சட்டமும் லட்சக்கணக்கான பிள்ளைகளை வேலையிலிருந்து மீட்டன. அந்த வகையில் விளையாடும் உரிமை பலருக்கு இப்போதுதான் முதன்முறையாகக் கிடைத்திருக்கிறது. உரிமை வந்த நேரத்தில் இடம் போய்விட்டது என்பதுதான் வேதனை.

பொம்மை கடைக்கு வந்தது

அவனியாபுரத்துக்கு மேற்கே, திருப்பரங்குன்றத்துக்குப் பக்கத்தில் விளாச்சேரி இருக்கிறது. மண் பொம்மைக்குப் பெயர் போன ஊர். கண்மாய் மண்ணைக் குழைத்து, அச்சில் வார்த்து, சுட்டு, வண்ணம் பூசி, நவராத்திரி கொலுவுக்கு அனுப்பும் குடும்பங்கள் அங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கின்றன. தெற்கே அம்பாசமுத்திரத்தில் மரச் சொப்பு. அடுப்பு, அம்மி, பானை, கரண்டி என்று முழு அடுக்களையையும் உள்ளங்கை அளவில் கடைந்து அரக்கு வண்ணம் ஏற்றுவார்கள். தஞ்சாவூரில் தலையாட்டி. செம்மரத்தில் மரப்பாச்சி. இவை எல்லாம் திருவிழாக் கடைக்கு வரும். சித்திரைத் திருவிழாவுக்கு மதுரைக்குப் போய்த் திரும்பும் பிள்ளையின் கையில் ஓலைக் கிலுகிலுப்பையோ, காகிதக் காற்றாடியோ, மெழுகுவத்தி ஏற்றினால் 'டப டப' என்று ஓடும் தகரப் படகோ இருக்கும்.

பிறகு பிளாஸ்டிக் வந்தது. எடை குறைவு, விலை குறைவு, உடைந்தாலும் கண்ணைக் கவரும் நிறம். மரச் சொப்பு பிளாஸ்டிக் சொப்பு ஆனது. 1987இல் எம்.ஆர்.எஃப். நிறுவனமும் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோவும் சேர்ந்து சென்னையில் ஃபன்ஸ்கூலைத் தொடங்கின. பெட்டியில் அடைத்து, எந்த வயதுக்கு என்று எழுதி, விளம்பரம் செய்து விற்கும் பொம்மைகள் நடுத்தர வீடுகளுக்குள் வந்தன. 2001இல் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கியதும் சீனப் பொம்மைகள் குவிந்தன. விசை வைத்த கார், லைட் எரியும் துப்பாக்கி, பாட்டுப் பாடும் பொம்மை. பத்து ரூபாய்க்கு வாங்கினால் பத்து நாள் வராது. ஆனால் அடுத்த பத்து ரூபாய் எப்படியாவது கிடைத்துவிடும்.

அரசாங்கம் விழித்துக்கொண்டது 2020இல். பொம்மைக்கான இறக்குமதி வரி 20 சதவீதத்திலிருந்து 60 சதவீதமாக ஏறியது, 2023இல் 70 ஆனது. 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத பொம்மையை விற்கக் கூடாது என்ற விதியும் அமலுக்கு வந்தது. மத்திய அரசின் கணக்குப்படி 2018-19இல் சுமார் 37 கோடி டாலராக இருந்த பொம்மை இறக்குமதி 2021-22இல் சுமார் 11 கோடி டாலராகக் குறைந்தது. நம் ஏற்றுமதி 20 கோடியிலிருந்து 32 கோடி டாலரைத் தாண்டியது.

வணிகவியல் கண்ணோடு பார்த்தால் நல்ல செய்திதான். ஆனால் குடிசையில் பொம்மை செய்பவர் பரிசோதனைச் சாலைக்கும் உரிமத்துக்கும் எங்கே போவார்? அதனால்தான் கைவினைஞராக அரசிடம் பதிவு செய்தவர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொம்மைகளுக்கும் விலக்குத் தர வேண்டியிருந்தது. பதிவு செய்யத் தெரிந்தவர் பிழைத்தார். நச்சுச் சாயம் பூசிய பொம்மையிலிருந்து குழந்தையைக் காக்க ஒரு விதி தேவை என்பதில் சந்தேகமில்லை. அதே விதி மண்ணையும் ஓலையையும் மட்டுமே நம்பி வேலை செய்பவரையும் பயமுறுத்துகிறது என்பதும் உண்மை.

தாயம் போட்டு வந்த தங்கம்

நம் விளையாட்டுகள் கப்பல் ஏறிய கதையும் உண்டு. தாயத்துக்குச் சொந்தமான பச்சீசியை ஆங்கிலேயர்கள் எளிமைப்படுத்தி 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் 'லூடோ' என்று பெட்டியில் போட்டார்கள். வைகுண்ட ஏகாதசி இரவில் கண் விழித்து ஆடும் பரமபதத்தின் வகையறா அங்கே 'ஸ்னேக்ஸ் அண்ட் லேடர்ஸ்' ஆனது. பாவ புண்ணியம் உதிர்ந்து பாம்பும் ஏணியும் மட்டும் மிஞ்சின. பிறகு அதே பெட்டிகள் இங்கே திரும்பி வந்து விலைக்கு விற்றன!

கதை அங்கேயும் நிற்கவில்லை. 2016இல் மும்பையைச் சேர்ந்த ஒரு நிறுவனம் 'லூடோ கிங்' என்ற செல்போன் விளையாட்டை வெளியிட்டது. 2020 ஊரடங்கில் அது நாடு முழுவதும் பரவியது. தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டு, புளியங்கொட்டை உருட்டி, செலவே இல்லாமல் ஆடிய ஆட்டம் இப்போது விளம்பரம் பார்த்தால்தான் நகரும். காய் உருட்டுவதும் எண்ணுவதும் இயந்திரம். "அழுகுணி ஆட்டம்" ஆட வழியே இல்லை. அதில் ஒரு நேர்மை இருக்கிறது. ஆனால் சண்டை போட்டுச் சமாதானமாகும் பயிற்சி போய்விட்டது.

பல்லாங்குழியின் சொந்தக்காரர்கள் இன்னும் தொலைவில் இருக்கிறார்கள். இலங்கையில் சிங்களவர்களின் ஒலிந்த கெலிய, மலேசியாவில் சொங்காக், பிலிப்பைன்ஸில் சுங்கா, ஆப்பிரிக்க நாடுகளில் மங்கலா வகைகள். பெயர்தான் வேறு, குழியும் காயும் ஒன்று. எங்கெல்லாம் மண்ணும் விதையும் இலவசமாகக் கிடைத்தனவோ அங்கெல்லாம் இந்த ஆட்டம் இருந்திருக்கிறது.

மந்தை எங்கே போனது?

இப்போது அந்த நான்காவது வரிக்கு வரலாம். நிலம்.

மதுரை வளர வளர, நகரத்துக்குத் தேவையான ஆனால் நகரத்துக்குள் வைத்துக்கொள்ள விரும்பாத பல விஷயங்கள் அவனியாபுரத்தின் பக்கம் வந்து சேர்ந்தன. 1942இல் இரண்டாம் உலகப் போருக்காகத் தெற்கே அமைந்த விமானத் தளம் பிறகு மதுரை விமான நிலையமாக வளர்ந்தது. மாநகரத்தின் குப்பை வெள்ளைக்கல் கிடங்குக்கு வந்தது. கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் அங்கேதான். சுற்றுச்சாலை வந்தது. சாலை வந்ததும் மனை வந்தது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறக்குறைய 50 ஆயிரம் பேர் இருந்த ஊரில், பத்தே ஆண்டுகளில் 90 ஆயிரத்தை நெருங்கியது எண்ணிக்கை. 2011இல் அவனியாபுரம் மதுரை மாநகராட்சியோடு இணைந்தது.

வந்த குடும்பங்களைக் குறை சொல்ல முடியாது. அவர்களுக்கும் வீடு வேண்டும். ஆனால் களத்துமேடு மனையானது. வயல் தெருவானது. வற்றிய கண்மாயில் விளையாடலாம் என்றால், கண்மாய் இப்போது வற்றுவதில்லை, வருடம் முழுவதும் கழிவுநீர்! அருகில் உள்ள அயன்பாப்பாக்குடிக் கண்மாயிலிருந்து நுரை பொங்கிச் சாலையில் பறந்த செய்தியைப் பலர் படித்திருப்பீர்கள். தெரு மிச்சம் இருந்தது. அங்கே பைக்கும் ஷேர் ஆட்டோவும் வந்தன. பந்து ஓடும் பாதையில் லாரி வந்தால், எந்த அம்மா பிள்ளையை வெளியே விடுவாள்?

பனை மரம் குறைந்தது, நுங்கு வண்டி குறைந்தது. பானை போய்ப் பிளாஸ்டிக் குடம் வந்தது, சில்லுக்கு ஓடு இல்லை. மண் தரை போய் சிமென்ட் தரை வந்தது, கோலிக்குக் குழி தோண்ட முடியாது, பம்பர ஆணி வழுக்கும். இவை எல்லாம் நடந்து முடிந்த காலத்தில் பிள்ளைகள் கையில் செல்போன் இல்லை. முதலில் வீட்டுக்குள் டி.வி. வந்தது. 2006க்குப் பிறகு அரசின் இலவச வண்ணத் தொலைக்காட்சி ஏழை வீட்டிலும் வந்து உட்கார்ந்தது. விலை மலிந்த இணையம் 2016இல் வந்தது. 2020 மார்ச்சில் கொரோனாவால் மூடிய பள்ளிகள், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை, 2021 நவம்பரில்தான் முழுதாகத் திறந்தன. இடையில் 'ஆன்லைன் கிளாஸ்' என்று சொல்லிப் பெரியவர்களே பிள்ளையின் கையில் போனைக் கொடுத்தார்கள்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் இடம் போனது, பிறகு மூலப்பொருள் போனது, கடைசியில்தான் செல்போன் வந்து காலியான நாற்காலியில் உட்கார்ந்தது. திருடன் போன பிறகு வந்தவனைப் பிடித்து உதைக்கிறோம்!

பெரியவர்களுக்கு ஒரு நாள், பிள்ளைகளுக்கு?

அவனியாபுரம் என்றதும் உலகத்துக்கே நினைவுக்கு வருவது தைப் பொங்கல் அன்று நடக்கும் ஜல்லிக்கட்டு. உச்ச நீதிமன்றம் 2014இல் தடை விதித்ததும், 2017 ஜனவரியில் தமிழ்நாடே திரண்டதும், சட்டத் திருத்தம் வந்ததும், அந்தத் திருத்தம் செல்லும் என்று 2023 மே மாதம் தீர்ப்பு வந்ததும் எல்லாருக்கும் தெரியும். பெரியவர்களின் ஒரு விளையாட்டுக்காக ஊரே எழுந்து நின்றது. பொங்கல் நாளில் அவனியாபுரத்தில் சாலை அடைக்கப்படும், தடுப்புக் கட்டை நிற்கும், டாக்டர்களும் போலீசும் வருவார்கள். அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் 2024 ஜனவரியில் ஏறுதழுவுதலுக்கென்றே பெரிய அரங்கமும் திறக்கப்பட்டது.

பாரம்பரியம் காக்கப்பட்டதில் மகிழ்ச்சிதான். ஆனால் அதே சாலையின் இரு பக்கமும் வளரும் பிள்ளைகளின் விளையாட்டும் பாரம்பரியம்தானே? கீழடிச் சில்லுக்கு 2,500 வயது. அதற்காக ஒரு தெருவை ஒரு மணி நேரம் மூடச் சொல்லி யாராவது மனுக் கொடுத்ததுண்டா?

உலகத்தில் இப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் 1938இலேயே சில தெருக்களை வாகனத்துக்கு மூடிப் பிள்ளைகளுக்கு விட ஒரு சட்டம் வந்தது. டென்மார்க்கில் 1943இல், ஜெர்மானியர் பிடியில் நாடு இருந்தபோது, கோபன்ஹேகன் அருகே எம்ட்ரூப் என்ற இடத்தில் சோரன்சன் என்ற தோட்டக்கலை வடிவமைப்பாளர் யோசனைப்படி ஒரு 'குப்பை மைதானம்' திறந்தார்கள். ஊஞ்சலும் சறுக்கும் இல்லை. பலகை, செங்கல், கயிறு, ஆணி, பழைய சாமான்கள். பிள்ளைகள் தாங்களே கட்டினார்கள், இடித்தார்கள், மறுபடி கட்டினார்கள். நுங்கு வண்டி ஓட்டியவர்களுக்கு இது புரியும்! இந்தியாவில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா, கழிவுப் பொருட்களிலிருந்து பொம்மை செய்து அறிவியல் சொல்லிக் கொடுப்பதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இங்கே சட்டத்துக்கும் குறைவில்லை. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட (சுமார் இரண்டரை ஏக்கர்) மனைப்பிரிவு போட்டால், சாலை நீங்கலாக 10 சதவீத நிலத்தைப் பொது இடமாக ஒதுக்கி உள்ளாட்சியிடம் இலவசமாக ஒப்படைக்க வேண்டும். 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணையில் பள்ளிக்கு விளையாட்டு மைதானம் வேண்டும் என்று எழுதியிருக்கிறது. ஊர்ப் பொது நிலங்களை ஆக்கிரமிப்பிலிருந்து மீட்கச் சொல்லி 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. கருவேலம் மண்டி, குப்பை கொட்டி, 'பூங்கா இடம்' என்று பெயர் மட்டும் தாங்கி நிற்கும் அந்த 10 சதவீதம் ஒவ்வொரு நகரிலும் எங்கே இருக்கிறது என்று தேடினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

பிள்ளையின் கையிலிருந்து போனைப் பிடுங்குவது எளிது. பிடுங்கிய பிறகு "வெளியே போய் விளையாடு" என்று சொல்ல ஒரு 'வெளியே' வேண்டும். அது இல்லாமல் பல்லாங்குழியைப் பற்றி மேடையில் எத்தனை மணி நேரம் பேசினாலும் பயன் இல்லை. கொஞ்சம் மண் தரையும், யாரும் துரத்தாத ஒரு மாலை நேரமும், எல்லாத் தெருப் பிள்ளைகளும், பெண்பிள்ளைகளும் சேர்ந்து வரும் அளவுக்குப் பெரியவர்களுக்கு மனசும் இருந்தால் போதும். மிச்சத்தைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள். விதிமுறை எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை, பொம்மையும் வாங்கிக் கொடுக்க வேண்டியதில்லை. 2,500 வருடமாக அவர்கள் கேட்டதும் அவ்வளவுதான்.

உங்கள் ஊர் மந்தை இப்போது என்னவாக இருக்கிறது? அடுத்த முறை அந்தப் பக்கம் போகும்போது கொஞ்சம் நின்று பாருங்கள்.